மலையைக் கண்டால் போதுமா? மலையில் நடக்க வேண்டாமா?

மழைக்காலம் ஓய்ந்து, தடிஞ்ஜூட் விளக்குகள் அணைந்து, தீபாவளிப் பட்சணமும் தீர்ந்தபின் யாங்கூன் வாழ் தமிழன்பர்களிடையே ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்றுண்டு. "இந்த வருஷம் யாத்திரை எங்கே?" என்பதே அது. விடையும் பெரும்பாலும் ஒன்றுதான்: கியாக்டியோ. பொன்பாறை மலை.

அந்த யாத்திரை எவ்வாறு நடக்கிறது என்பது அன்பர்கள் அனைவரும் அறிந்ததே. விடியுமுன் பஸ் புறப்படும். புளிச்சோறும் தயிர்ச்சோறும் வடையும் அண்டாக்களில் ஏறும். நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்தபடியே சென்று கின்புன் அடிவாரத்தில் இறங்குவார்கள். அங்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பலகை அடித்த லாரியில் நெருக்கியடித்து ஏறுவார்கள். மலை உச்சியில் இறங்கிச் செருப்பைக் கழற்றி, கொதிக்கும் தளத்தில் நடந்து, பாறையைத் தரிசித்து, படம் பிடித்துக்கொண்டு மீண்டும் லாரி, மீண்டும் பஸ், நள்ளிரவில் வீடு. மறுநாள் காலை பாட்டிக்கு முழங்கால் வீக்கம். பெரியவருக்குக் காலில் கொப்புளம். பிள்ளைகளிடம் மலை எப்படி இருந்தது என்று கேட்டால், "லாரி வளைவிலே வயிற்றைப் புரட்டியது" என்ற பதில்.

ஒவ்வொரு முறையும் இதைக் கண்டபின் இரண்டு கட்சிகள் தோன்றுகின்றன. "வயதானவர்களை இனி மலைக்கு அழைத்துப் போகக் கூடாது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?" என்பது ஒரு கட்சி. "லாரிதான் உச்சி வரை போகிறதே, ஏறி உட்கார்ந்தால் போதும், இதற்கு ஏன் பயம்?" என்பது மற்றொரு கட்சி. இரண்டுமே தவறான முடிவுகள். முதியோரை விட்டுவிட்டுப் போவதும் சரியன்று. மூட்டை போல ஏற்றி இறக்குவதும் சரியன்று. தக்க ஆயத்தத்துடன், அவரவர் சக்திக்கு ஏற்ற அளவு, மலையில் கால்நடையாக நடப்பதே யாத்திரைக்கும் தேக ஆரோக்கியத்திற்கும் உகந்தது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பர்மா மலைநாடு என்பதை டெல்டாவில் வாழ்வோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள். வடகோடியில் 5,881 மீட்டர் உயரமுள்ள ஹ்காகாபோ ராஸி பனி மூடி நிற்கிறது. 1996-ஆம் ஆண்டில்தான் மனிதன் அதன் உச்சியை முதன்முதலாகத் தொட்டான். மேற்கே சின் மலைகளில் 3,053 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா மலை, பர்மியப் பெயரால் நத் மா தவுங், பூத்துக் குலுங்கும் ரோடோடென்ட்ரான் மரங்களுக்குப் பெயர் பெற்றது. இவை வீரர்களுக்கும் பறவை ஆராய்ச்சியாளர்களுக்கும் உரியவை. சாதாரணக் குடும்பத்தார் செல்லக்கூடிய மலைகளும் பல இருக்கின்றன.

முதலாவது கியாக்டியோ. யாங்கூனிலிருந்து ஏறத்தாழ 130 மைல் தொலைவில், மோன் மாநிலத்தில், சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செங்குத்தான பாறை விளிம்பில், விழுந்துவிடும் போலத் தோன்றியும் விழாமல் நிற்கும் பெரும்பாறை. அதன் தலைமேல் ஒரு சிறு பகோடா. புத்தர் தந்த கேசத்தைத் தம் ஜடாமுடியில் மறைத்து வைத்திருந்த ஒரு முனிவர், தம் தலையின் வடிவை ஒத்த பாறையின்மேல் அதைப் பிரதிஷ்டை செய்ய விரும்பினார் என்றும், அத்தகைய பாறையைக் கடலின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் தஜாமின் என்றும் ஸ்தல வரலாறு கூறுகிறது. தஜாமின் வேறு யாருமல்லர், இந்திரனே. மோன் மொழியில் அம்மலையின் பெயரிலும் ரிஷி என்னும் சொல் உருமாறி ஒளிந்திருக்கிறது. இந்து அன்பர்கள் அம்மலையை அந்நியமாகக் கருதாமல் தலைமுறை தலைமுறையாகச் சென்று வருவதில் வியப்பில்லை.

இரண்டாவது, மத்திய பர்மாவில் உள்ள போப்பா. 1,518 மீட்டர் உயரமுள்ள அணைந்த எரிமலை அது. புஷ்பம் என்னும் சமஸ்கிருதச் சொல்லே போப்பா ஆயிற்று என்பர். பெரும்பாலோர் போப்பா என்று சொல்லிப் பார்த்துவிட்டு வருவது அப்பெருமலையை அன்று. அதன் அருகே தூண் போல நிற்கும் தவுங் கலாட் என்னும் பாறையைத்தான். 777 படிகள் ஏறினால் நத் தேவதைகளின் சந்நிதி. படியெங்கும் குரங்குகள். பெருமலையின் பசுங்காட்டு வழியில் நடந்து பார்த்தவர் சிலரே.

மூன்றாவது, கரென் மாநிலத்தில் பா-அன் நகருக்கு அருகிலுள்ள ஸ்வேகபின். உயரம் 720 மீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் வயல்வெளியிலிருந்து ஒரேயடியாக எழுவதால் ஏற்றம் கடினமானது. அடிவாரத்தில் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான புத்தர் சிலைகள் அமைந்த லும்பினித் தோட்டம் உள்ளது. ஏற முடியாதவர் அத்தோட்டத்தில் உலாவினாலே மனம் குளிரும்.

நான்காவது, ஷான் பீடபூமியின் குளிர் நகரங்களான களோவும் மேமியோவும். சுமார் 4,300 அடி உயரத்தில் ஊசியிலை மரங்கள் சூழ்ந்த களோவுக்குத் தாஸியிலிருந்து மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் இரயில் பாதை அமைக்க உழைத்தவர்களில் இந்தியத் தொழிலாளர் பலர். அவர்களின் சந்ததியார் சிலர் இன்றும் அவ்வூரில் வாழ்கின்றனர். ஐந்து நாளுக்கொருமுறை கூடும் சந்தைக்கு பா-ஓ, தனு, பலவுங் மக்கள் தங்கள் விளைச்சலுடன் இறங்கி வருவார்கள். களோவிலிருந்து இன்லே ஏரிக்குக் கிராமங்களின் ஊடே இரண்டு மூன்று நாள் நடந்து செல்வது 2021-க்கு முன்பு வெளிநாட்டினர் தேடி வந்து செய்த பயணம். யாங்கூன் தமிழர்களுள் அவ்வழியில் நடந்தவரைத் தேடினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். மேமியோ, அதாவது இன்றைய பியின் ஊ ல்வின், சுமார் 3,500 அடி உயரம். வங்காளப் படையின் கர்னல் மே என்பவரின் பெயரால் அமைந்த ஊர். 1915-இல் தொடங்கப்பட்ட அதன் தாவரத் தோட்டம் 400 ஏக்கருக்கும் மேற்பட்டது. குதிரை வண்டி, அனிசகான் அருவி, பெய்க் சின் குகை, காப்பித் தோட்டம் என்று காலாற நடந்து பார்க்க வேண்டியவை அங்கு பல.

இவ்வளவும் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடுவது குற்றமாகும். 2021-ஆம் ஆண்டுக்குப் பிறகு இம்மலைப் பகுதிகள் பலவற்றில் சண்டையும் சாலைத் தடையும் ஏற்பட்டிருக்கின்றன. கியாக்டோ, பிலின், தாத்தோன் சாலையும் இதற்கு விலக்கன்று. 2025 மார்ச் 28-இல் நிகழ்ந்த 7.7 அளவுள்ள பூகம்பம் மத்திய பர்மாவையும் ஷான் பகுதியையும் உலுக்கிற்று. பல சரிவுகளின் மண் தளர்ந்திருக்கக்கூடும். ஆகவே எந்த மலையானாலும், அவ்வூரில் வாழும் அன்பர்களிடம் அந்த வாரத்து நிலைமையைக் கேட்டறிந்து, சந்தேகம் இருப்பின் பயணத்தைத் தள்ளி வைப்பதே விவேகம். தெய்வம் காத்திருக்கும். மலையும் எங்கும் போய்விடாது.

பயணம் கூடும் ஆண்டில் செல்வோம், அதுவரை சும்மா இருப்போம் என்று எண்ணுவதுதான் பெரும் பிழை. மலைக்கான ஆயத்தம் மலையில் தொடங்குவதில்லை, கியாக்டடாவில் தொடங்குகிறது.

கியாக்டடாத் தெருக்களில் வாழ்வோரின் நாள் எப்படிக் கழிகிறது என்று சற்று எண்ணிப் பார்க்கலாம். பழைய கட்டடங்களில் நான்காம், ஐந்தாம் மாடியில் குடியிருப்பு. மின்தூக்கி கிடையாது. கீழே இறங்கினால் மீண்டும் ஏற வேண்டுமே என்று, மேல்மாடியிலிருந்து தெருவரை தொங்கும் கயிற்றில் கிளிப்பை மாட்டிக் காய்கறியையும் பத்திரிகையையும் மேலே இழுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கயிறு சௌகரியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கயிற்றால் ஒவ்வொரு நாளும் மிச்சமாகும் படிகள்தாம் இதயத்திற்கும் தொடைத் தசைக்கும் கிடைக்க வேண்டிய பயிற்சி. கணவன்மாரோ கடையில் கல்லாவின் முன் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளைச் சோறும் இனிப்புத் தேநீரும் குறைவில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகி வருகிறது. ஆண்டு முழுவதும் இவ்வாறிருந்துவிட்டு ஒரே ஒரு நாள் மலையேறினால், மலை என்ன செய்யும்?

மூச்சு வாங்கினால் "மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லிவிடுவது வழக்கம். இது திருத்தப்பட வேண்டிய எண்ணம். உயரத்தால் பிராண வாயு குறைந்து வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். கியாக்டியோவோ, போப்பாவோ, களோவோ அந்த உயரத்தை எட்டுவதில்லை. அங்கே மூச்சு முட்டினால் குற்றம் காற்றில் இல்லை; பழக்கமற்ற உடம்பிலோ, இதயத்திலோ, நுரையீரலிலோ, இரத்தச் சோகையிலோ இருக்கிறது. அம்மூச்சு மலை தரும் எச்சரிக்கைக் கடிதம். அதைப் படியாமல் கிழித்துப் போடலாகாது.

கேதார்நாத் 3,583 மீட்டர் உயரத்தில் இருப்பது. அங்கே உயரமும் ஒரு காரணம். 2022-ஆம் ஆண்டு இமயத்தின் நான்கு தாமங்களுக்குச் சென்ற யாத்திரிகர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உடல்நலக் குறைவால் வழியிலேயே உயிர் நீத்தனர். சபரிமலைப் பாதையில் மாரடைப்புக்கென்றே அவசரச் சிகிச்சை நிலையங்களைக் கேரள அரசு அமைத்திருக்கிறது. கோவைக்கு அருகிலுள்ள வெள்ளியங்கிரியிலும் ஏழு மலை ஏறும் அன்பர்களில் சிலர் ஆண்டுதோறும் மயங்கி விழுகின்றனர். பக்தி குறைந்ததால் இவ்வாறு நேரவில்லை. பயிற்சி குறைந்ததால் நேர்ந்தது. பக்தி மனத்தைத் தூக்கும். உடம்பைத் தூக்க வேண்டியவை கால்கள்தாம்.

இங்கே அன்பர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய வைத்திய உண்மைகள் சில.

முதலாவது, பாதம். பகோடாத் தளங்களில் செருப்போ காலுறையோ அணிய அனுமதியில்லை. நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி மெல்ல மெல்ல மங்கிவிடும். மற்றவர் "சுடுகிறதே" என்று துள்ளும் கல்லில் அவர் நிதானமாக நின்று தியானம் செய்வார். அது தவ வலிமை அன்று. நரம்பு மரத்துப்போனதன் அறிகுறி. மாலையில் கொப்புளம், வாரத்தில் புண், மாதங்களில் விரலை எடுக்க வேண்டிய நிலை. இதற்கு மருந்தைவிட நேரமே பெரிய காப்பு. சூரியன் ஏறுமுன் தரிசனத்தை முடித்துக்கொள்ள வேண்டும். அல்லது அந்தி சாய்ந்தபின் செல்ல வேண்டும். பாய் விரித்த பாதையிலும் நிழலிலும் மட்டும் நடக்க வேண்டும். திரும்பியதும் வீட்டார் ஒருவர் பெரியவரின் உள்ளங்காலை விளக்கொளியில் பார்க்க வேண்டும். பேரன் தாத்தாவின் பாதத்தைப் பார்ப்பது பாத நமஸ்காரத்திற்குச் சற்றும் குறைந்த சேவையன்று.

இரண்டாவது, விரதம். இன்சுலின் போட்டுக்கொள்வோரும் சில வகை நீரிழிவு மாத்திரை உண்போரும் வெறும் வயிற்றில் மலையேறினால் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம், பின்பு மயக்கம். அவர்கள் புறப்படுமுன் தம் வைத்தியரிடம் அன்றைய மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மடியில் ஒரு துண்டு பனைவெல்லம், இங்குள்ளோர் தன்யெட் என்று சொல்வது, எப்போதும் இருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையைப் பயண நாளில் தாமாகவே நிறுத்துவதும் ஆபத்து. வயிறு புடைக்க உண்டுவிட்டு உடனே ஏறுவதும் அதே அளவு ஆபத்து. அண்டாச் சோறு உச்சியை அடைந்தபின் இருக்கட்டும். ஏறுமுன் இரண்டு இட்டலி போதும்.

மூன்றாவது, இதயமும் முழங்காலும். ஏறும்போது பாடுபடுவது இதயம்; இறங்கும்போது பாடுபடுவது முழங்கால். இதை உணர்ந்தால் பல சிக்கல் தீரும். முழங்கால் தேய்ந்தவர், இதயம் நன்றாக இருக்குமானால், மெதுவாக ஏறி நடந்து, லாரியில் இறங்கலாம். இதயம் பலவீனமானவர் லாரியில் ஏறி, வைத்தியர் அனுமதித்த அளவு சிறிது தூரம் இறங்கி நடக்கலாம். ஏறும்போது பக்கத்திலிருப்பவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே வேகத்திற்கு அளவுகோல். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம், நிற்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை இவற்றில் ஒன்று கண்டாலும் "இன்னும் கொஞ்சம்தானே" என்று நடக்கலாகாது. பெண்களுக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத் திணறலாகவும் அசதியாகவும் மாரடைப்பு வரக்கூடும் என்பதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

நான்காவது, காட்டின் உயிர்கள். பர்மாவின் காட்டு மலைகளில் மலேரியா முற்றும் ஒழிந்துவிடவில்லை. இரவு தங்குவோர் கொசுவலையும் முழுக்கைச் சட்டையும் கொண்டு செல்ல வேண்டும். திரும்பிய சில வாரங்களில், ஏன், சில மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும், "மலைக்குப் போய் வந்தேன்" என்று வைத்தியரிடம் சொல்ல வேண்டும். குரங்கு கடித்தாலோ கீறினாலோ சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி போட வைத்தியரிடம் செல்ல வேண்டும். சுண்ணாம்பு தடவிவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. பாம்பு கடித்தால் கீறுவதும், உறிஞ்சுவதும், இறுக்கிக் கட்டுவதும் தீமையே. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, ஆளைச் சுமந்து, ஆஸ்பத்திரி சேர்ப்பதே சரி.

ஐந்தாவது, காலமும் நெருப்பும். மழைக்காலத்தில் மோன் மலைகள் வழுக்கும், அட்டை கடிக்கும். மார்ச், ஏப்ரலில் காடு சருகாகிக் கிடக்கும். தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11-இல் நடைப்பயணம் சென்ற குழுவினர் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியாது. கார்த்திகை முதல் மாசி வரையிலான குளிர்காலமே குடும்பங்களுக்கு ஏற்றது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு பாகைக்கு மேல் குறையும் என்பதால், யாங்கூனில் வியர்த்தவர் உச்சியில் விடியற்காலையில் நடுங்குவார். குழந்தைக்கும் முதியோருக்கும் கம்பளிச் சட்டை அவசியம்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, "இவ்வளவு தொல்லை எதற்கு? வீட்டிலேயே இருந்துவிடலாம்" என்று ஒருவர் எண்ணக்கூடும். அவருக்கு இச்சமுதாயத்தின் பழைய கதையையே நினைவூட்ட வேண்டும்.

1941 டிசம்பர் 23-இல் இரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8-இல் நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. அந்த மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாக இந்தியாவுக்குப் புறப்பட்டனர். புரோமிலிருந்து தவுங்கப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்குச் சென்றவர் பலர். தாமு வழியாக இம்பாலுக்கு நடந்தவர் பலர். வடக்கே ஹூகவுங் பள்ளத்தாக்கில் இறங்கிப் பாங்ஸாவ் கணவாயைக் கடந்து லேடோவை நோக்கிச் சென்றவர் பலர். மே மாதத்தில் மழை பிடித்துக்கொண்டபின் அந்தக் கடைசி வழி சேற்றுக் கல்லறையாயிற்று. காலரா, வயிற்றுக்கடுப்பு, மலேரியா, பசி, களைப்பு ஆகியவற்றால் பல்லாயிரவர் மலைப்பாதை ஓரங்களிலேயே மாண்டனர். யாங்கூனில் இன்றுள்ள தமிழ்க் குடும்பங்களில் அந்த நடையில் ஒருவரை இழந்த குடும்பங்களும் உண்டு. பாட்டிமார் சிலருக்கு மலை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் வாடுவதற்குக் காரணம் அவர்களின் தாய்மார் சொன்ன அந்தக் கதைகள்தாம்.

அந்த நடையில் மாண்டோர் கோழைகளும் அல்லர், பலவீனர்களும் அல்லர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள், வயலில் உழைத்தவர்கள். அவர்களுக்கு இல்லாமற்போனவை கொதிக்க வைத்த நீர், கொசுவலை, மருந்து, ஓய்வு, வழிகாட்டி, காலம் ஆகியவைதாம். நல்ல நீர் கிடைத்திருந்தால் காலராவால் மாண்டவரில் எத்தனையோ பேர் இம்பாலைக் கண்டிருப்பர். ஆகவே அந்தக் கதை கற்பிக்கும் பாடம் மலைக்கு அஞ்ச வேண்டும் என்பதன்று. ஆயத்தமின்றி மலைக்குப் போகலாகாது என்பதே. அச்சத்தோடு நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆனந்தத்தோடு மலையில் நடப்பதைவிட அவர்களுக்குச் செய்யும் நீர்க்கடன் வேறு என்ன இருக்க முடியும்?

மற்றொன்றும் கூற வேண்டும். கியாக்டியோவில் பாறையைத் தொடவும் பொன் தகடு ஒட்டவும் ஆண்களுக்கு மட்டுமே அனுமதி. பெண்கள் சற்றுத் தள்ளி நின்றே வணங்க வேண்டும். அந்த விதியை மாற்றும் அதிகாரம் இந்தச் சங்கத்தாருக்கு இல்லை. ஆனால் கின்புனிலிருந்து உச்சி வரை செல்லும் ஏறத்தாழ 7 மைல் நடைபாதை ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை. மூங்கில் காடும், சிறு சிறு பகோடாக்களும், தேநீர்க் கொட்டகைகளும், தூரத்தே கடலை நோக்கி விரியும் சமவெளியும் நடப்பவர் அனைவருக்கும் சமமாகவே காட்சி தருகின்றன. லாரியில் ஏறி இறங்கும் பெண்ணுக்கு யாத்திரையில் பாதி கிடைக்காமலே போகிறது. நடக்கும் பெண்ணுக்கு வழியே யாத்திரையாகிறது.

நடக்கவே இயலாதவர் என்ன செய்வது? அங்கே நால்வர் தோளில் சுமக்கும் மூங்கில் பல்லக்குகள் உண்டு. அதில் ஏறுவதைச் சிலர் வெட்கமாகவும், சிலர் பிறர் தோளில் ஏறும் பாவமாகவும் கருதுகின்றனர். இரண்டும் தேவையில்லை. சுமப்போருக்கு அது ஜீவனம். பேரம் பேசி அடித்துக் குறைக்காமல், கேட்ட நியாயமான கூலியுடன் ஒரு தேநீரும் வாங்கிக் கொடுத்தால் அதுவும் புண்ணியமே. பழனியிலே 1966 முதல் இழுவை இரயிலும் 2004 முதல் கம்பி வண்டியும் ஓடுகின்றன. அதனால் பழனியாண்டவரின் பெருமை குன்றிவிடவில்லை. முடியாதவர் வாகனத்தில் போகலாம். முடிந்தவரும் சோம்பலால் வாகனத்தில் போவதுதான் வருந்தத்தக்கது.

ஆகவே சங்க நிர்வாகிகள் சிந்திக்கத்தக்க யோசனைகள் சில உண்டு.

யாத்திரைக்கு எட்டு வாரம் முன்பே பெயர் பதிவு நடக்க வேண்டும். பதிவு செய்தோர் அந்த எட்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் காலை ஆறு மணிக்கு மகா பந்துலா பூங்காவில் கூடி, முதல் வாரம் அரை மணி, பின்னர் ஒரு மணி, பின்னர் காண்டவ்ஜி ஏரிக்கரை என்று நடையைக் கூட்டிக்கொண்டே போகலாம். கடைசி இரு வாரங்களில் ஷ்வெடகோன் படிகளில் ஏறி இறங்கலாம். அப்பகோடா நிற்கும் சிங்குத்தரக் குன்றும் ஒரு மலைதானே. மற்ற நாட்களில் அவரவர் வீட்டு மாடிப்படியே மலை. நான்கு மாடியை நிற்காமல் ஒன்றரை நிமிடத்திற்குள் ஏற முடியாதவர், அல்லது ஏறும்போது நெஞ்சு கனப்பவர், யாத்திரைக்கு முன் வைத்தியரைக் காண வேண்டும். யாரையும் தள்ளிவிடுவதற்காக இந்தச் சோதனை இல்லை. எந்தக் குழுவில் சேர்ப்பது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டுமே.

குழுக்கள் மூன்று. அடிவாரத்திலிருந்து முழுதும் நடப்போர் முதற்குழு. நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். முன்னாளில் லாரிகள் நின்றுவிடும் யாத்தேதவுங் பகுதிக்கும் உச்சிக்கும் இடையே மட்டும் நடப்போர் இரண்டாம் குழு. வாகனத்திலோ பல்லக்கிலோ செல்வோர் மூன்றாம் குழு. ஒவ்வொரு குழுவிலும் இளைஞர் இருவர் பொறுப்பேற்க வேண்டும். குழுவின் வேகம் அதிலுள்ள மிக மெதுவான நடையாளரின் வேகமாக இருக்க வேண்டும். ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் பெயர், வயது, நோய், உட்கொள்ளும் மருந்து, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கட்டும். ஒரே நாளில் போய்த் திரும்பும் அவசரத்தை விட்டு, ஓர் இரவு மேலே தங்கினால் அந்தியும் விடியலும் இரண்டு தரிசனமாகும். கொதிக்கும் தளத்தில் நடக்க வேண்டிய கட்டாயமும் இராது. செலவு கூடும் என்பது உண்மை. ஒரு காலில் வந்த புண்ணுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பம்.

எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு சாலை நிலைமையால் யாத்திரையே நடவாமற் போனாலும் நஷ்டம் ஒன்றுமில்லை. எட்டு வாரம் நடந்தவரின் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சற்றேனும் இறங்கியிருக்கும். பக்கத்துத் தெருவில் இருந்தும் பேசாதவர்கள் பேசியிருப்பார்கள். தாத்தாவும் பேத்தியும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒன்றாக நடந்திருப்பார்கள். பிள்ளைகள் பலர் கடல் கடந்து சென்றுவிட்ட இந்நாளில், வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய மருந்து என்பதை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது.

மேல்மாடியிலிருந்து தொங்கும் கயிறு தொங்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது அதை அவிழ்க்காமல், கையில் பையோடு படியிறங்கி, காய்கறி வாங்கி, மீண்டும் படியேறுவதிலிருந்து அன்பர்கள் தொடங்கலாம். கியாக்டியோவுக்கான முதற்படி அங்கேதான் இருக்கிறது. எல்லாம் வல்ல இறைவன் அனைவர் கால்களுக்கும் வலுவையும், வழிகளுக்கு அமைதியையும் அருள்வானாக.